புதன்கிழமை தாமதமில்லை

எங்கள் டிராஃபிக் கண்ட்ரோல் அறைக்குள் நகரத்துக்குச் சத்தமே கிடையாது. சுவர் முழுக்க அறுபத்து நாலு திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாலைச் சந்திப்பு. பஸ்கள் ஓசையில்லாமல் வந்து நிற்கும், ஓசையில்லாமல் நகரும். மழை பிடித்தால் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் குடைகள் விரியும். மதியம் மூன்று மணிக்கு ஏசி குளிரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே குழம்பிப்போகும். நடுரோட்டில் நின்று மணிக்கூண்டோடு படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகள் மட்டும் இல்லையென்றால் நான் என்றைக்கோ குறட்டை விட்டிருப்பேன்.

பக்கத்து நாற்காலிக்காரி என்னைப்போல் சிடுசிடுப்பவள் அல்ல. அவளும் என்னைப்போல் சிக்னல் நேரம் பார்ப்பவள்தான். கல்யாணமாகிப் பதினாலு மாதம். கணவன் ஊர் சுற்றிக்காட்டும் மஞ்சள் மாடி பஸ்ஸின் டிரைவர். அவன் விடியுமுன் டிப்போவில் இருக்க வேண்டும், வேலை மாலை ஆறு மணி வரை. இவளுக்கோ பகல் பன்னிரண்டிலிருந்து இரவு ஒன்பது. இவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவன் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பான். இவளுக்குப் புதன்கிழமை லீவு, அவனுக்குத் திங்கட்கிழமை. இப்படி ஒரு குடித்தனத்துக்கு யார் அட்டவணை போட்டார்களோ தெரியவில்லை.

அவர்கள் சந்தித்துக்கொள்வது மியூசியம் ரோடு சிக்னலில்தான். அவனுக்கு அது தெரியாது. மணிக்கொரு தரம் மஞ்சள் பஸ் பதினேழாம் திரைக்குள் மிதந்து வரும். பச்சையாக வேண்டிய நேரத்தில் இவள் விரல் தானாகப் போய் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு செகண்டு, அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கொட்டாவி விடுவான், காது குடைவான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். இவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கவனித்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். எங்கள் வேலையில் அது தப்புதான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு எதைச் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை கண் வீங்கிப்போய் வந்தாள்.

"அவரை ஏர்போர்ட் வண்டிக்கு மாத்தப் போறாங்களாம் அக்கா. ரெண்டு நாள் அங்கேயே தங்கணுமாம், ஒரு நாள்தான் வீடு. தினமும் லேட்டுன்னு நோட்டீஸ். இன்னும் ஒரு வாரம் பாப்பாங்களாம். ஒரு தடவை லேட்டானாலும் போச்சு."

"எதனால லேட்டாம்?"

"மியூசியம் ரோடு சிக்னல்தான் காரணமாம். அதுக்கு மாமியார் சிக்னல்னு பேரே வச்சிருக்கார். என்னைக் கண்டாலே முறைக்குதுன்னு திட்டுவார். ஏதோ கோளாறு இருக்கும்க்கா, பாத்துச் சொல்லுங்களேன்." டிப்போவில் கொடுத்த தாமதப் பட்டியலை மேசைமேல் வைத்தாள்.

பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"மத்தியானத்துக்கு முன்னாடி ஒரு லேட்டு காட்டு பாப்போம். புதன்கிழமைல ஒண்ணு காட்டு."

விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். ஒன்றும் இல்லை.

"பன்னெண்டு செகண்டுதானே அக்கா..." என்று இழுத்தாள்.

"அங்க பன்னெண்டு. அந்தப் பச்சைத் தொடரை விட்டுட்டா அடுத்த மூணு சிக்னல்லயும் சிவப்புதான். ஒரு சுத்துக்கு அஞ்சு நிமிஷம் போச்சு. புதுசா வர்றவங்களுக்கு இதை நீதானே சொல்லிக்குடுக்கிற?"

ஒரே திரையைப் பார்ப்பவளுக்கு மற்ற அறுபத்து மூன்றும் எங்கே தெரியப்போகிறது. அன்று மதியம் மஞ்சள் பஸ் வந்தபோது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்தது. நாலு செகண்டில் பஸ் திரையைத் தாண்டிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். ஒரு தாமதமும் இல்லை. அவன் பழைய வண்டியிலேயே நிலைத்தான். மாமியார் திருந்திவிட்டாள் என்று டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம். அதற்குமேல் இவளால் தாங்க முடியவில்லை. இரவு அவனை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"திட்டினாரா?" என்று மறுநாள் கேட்டேன்.

"இல்லக்கா. எழுந்து உக்காந்தார். அப்புறம், 'நான் காது குடைஞ்சதெல்லாமா பாத்தே?'ன்னு கேட்டார். அப்புறம், 'இப்ப பாக்கறதில்லையா?'ன்னார். நாலு செகண்டுல என்னத்தைப் பாக்கறதுன்னேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பதினேழாம் திரையில் மஞ்சள் தெரிந்தது. பச்சை. பஸ் நிற்கவில்லை, தாமதிக்கவும் இல்லை. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு ஆடியது, எதிர்ப்பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்து. கேமரா இருப்பதோ இந்தப் பக்கத்து ஓட்டல் சுவரில். எங்களுக்குத் தெரிந்தது அவன் பின்மண்டை மட்டும். மாடியில் இருந்த பயணிகள் யாருக்கோ வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, நாற்பது பேரும் அதே கம்பத்துக்குக் கை ஆட்டிக்கொண்டே போனார்கள்.

இவள் எழுந்து நின்றுவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாது. அந்தப் பின்மண்டை போன திசைக்குத் தானும் கை ஆட்டினாள்.

பஸ்ஸை ஒற்றைக் கையால் ஓட்டுவது விதிமீறல். பார்த்தால் எழுதிவைக்க வேண்டியது என் வேலை. நான் எழுதவில்லை.