நேர்கோடு அடுக்கிய கற்கள்

கடலில் அலையைத் தடுக்கும் கற்சுவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு ‘நேர்கோடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசையில்தான் படுத்திருக்கும். யாராவது நாற்காலியைக் கோணலாக விட்டுப் போனால், அதை நேராக்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் ஜோடி சேர்த்து வைத்துவிடுவாள். “பார்த்து உட்காருங்க, கொஞ்சம் அசந்தா உங்களையும் அலமாரியில அடுக்கிடுவா” என்பார் வீட்டுக்காரர். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் பெருமைதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். அலைத்தடுப்புச் சுவர் என்பது பார்வைக்கு வெறும் கற்குவியல். பாறைகளைக் கிரேன் தூக்கிக் கடலில் போடும். அவை விழுந்தபடி கிடக்கும். இடுக்குகளில் புகுந்து புறப்பட்டே அலை ஓய்ந்துபோகும். ஆனால் கல் நகராமல் இருக்க எடை வேண்டும். அந்த எடையைக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு அலைத்தொட்டியில் சோதிப்பார்கள். நீளமான கண்ணாடித் தொட்டி அது. ஒரு முனையில் பலகை ஆடி அலை எழுப்பும். மறுமுனையில் கைக்கு அடங்கும் கற்களால் ஒரு சின்னச் சுவர். எந்தக் கல் நகர்ந்தது என்று தெரிவதற்காகக் கற்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசியிருக்கும்.

புதிய சுவர் ஒன்றுக்கான சோதனையைப் பார்க்க மறுநாள் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. செலவைக் குறைக்க முடியுமா என்று பார்க்க, கணக்கில் வந்ததைவிட ஒரு அளவு சின்னக் கற்களைத் தொட்டி ஆட்கள் முறைப்படி வாளியிலிருந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நேர்கோட்டுக்குக் கண்ணை உறுத்தியது. சிவப்புக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் நீலம், இது என்ன கோலம்! செருப்பைக் கழற்றி, அதையும் ஜோடியாக வைத்துவிட்டு, தண்ணீர் விடாத தொட்டிக்குள் இறங்கினாள். ஒவ்வொரு கல்லாகத் திருப்பி, இடுக்குப் பார்த்துச் செருகி அடுக்கினாள். புகைப்படத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தலை வாருவதுபோலத்தான் அவளுக்கு இருந்தது. படித்தவள்தான். தேர்வில் கேட்டிருந்தால், ‘கொட்டியபடியே விட வேண்டும்’ என்று பிசகாமல் எழுதியிருப்பாள். அந்தப் படிப்பு கைவரைக்கும் வரவில்லை.

மறுநாள் ஒரு கல்கூட அசையவில்லை. கைதட்டினார்கள். “இவ்வளவு உறுதியா நிக்குதே, இந்தச் சின்னக் கல்லே போதுமே” என்றார் தலைமைப் பொறியாளர். அவள் கணக்கு பெரிய கல்லைத்தான் சொன்னது. ஆனாலும் கண்ணெதிரே நிற்கும் சுவரைவிடக் கணக்கு பெரிதா என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு தலையாட்டினாள். அந்த வண்ணச் சுவரின் படம் அச்சாகி, வேலை செய்யும் எல்லோர் கைக்கும் போயிற்று.

சுவர் எழும்பி முதல் கொந்தளிப்பிலேயே அதன் முனை சரிந்தது. உள்ளே ஒதுங்கியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை வைத்தார்கள். பழி வழக்கம்போல் மேலிருந்து கீழே உருண்டு, கிரேன் ஓட்டியவர் காலடியில் போய் நின்றது. கற்களைக் கண்டபடி போட்டுவிட்டாராம். அவரை வேலையை விட்டு அனுப்புவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

அவளும் உட்கார்ந்திருந்த விசாரணை அறைக்கு வந்த கிரேன்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கிரீஸ் கறை படிந்த அதே வண்ணச் சுவர். கேபினில் கண்ணெதிரே ஒட்டி வைத்திருந்தாராம்.

“எனக்கு இந்த மாதிரி வரலை மேடம்” என்றார், அவளைப் பார்த்து. “ஒவ்வொரு கல்லையும் தொங்கவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துதான் போட்டேன். தண்ணிக்கு அடியில எது எப்படி உட்காருதுன்னே தெரியலை. வயசாயிடுச்சு, கை போயிடுச்சுன்னு வீட்லயும் சொல்லிட்டேன். நீங்க அழகாத்தான் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், “பரவாயில்லைங்க” என்றாள். பரவாயில்லையாம்! அவரை மன்னிக்க இவள் யார்?

வீடு வந்து சேர்வதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலில் கிடந்த செருப்புகளை நோக்கிக் கை தானாகப் போனது, சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“என்ன, செருப்பெல்லாம் அப்படியே கிடக்கு? உடம்பு சரியில்லையா?” என்றார் வீட்டுக்காரர்.

சொன்னாள். முதல் தடவையாக அவருக்குக் கிண்டல் வரவில்லை. “அந்த மனுஷன் எதிர்ல சொல்லணும்” என்றார்.

தலைமைப் பொறியாளரிடம் போனபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அவரே ஒத்துக்கிட்டாரும்மா. முடிஞ்சுபோன விஷயத்துல நீங்க ஏன் தலையைக் குடுக்கறீங்க?”

“முடியலை சார். தொட்டியில தண்ணி விடச் சொல்லியிருக்கேன். அவரையும் வரச் சொல்லிட்டேன்.”

அதே கற்களை வாளியிலிருந்து கொட்டினார்கள். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அலை வந்தது. முனையில் ஒரு சிவப்புக் கல் ஆடியது, கழன்றது. பின்னாலேயே மஞ்சள் கற்கள் உருண்டன. கடலில் சரிந்ததுபோலவே முனை மொத்தமும் சரிந்தது.

“போன தடவை நின்னதுக்குக் காரணம் நான்தான்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். “முந்தின நாள் நான் உள்ள இறங்கி, ஒவ்வொரு கல்லா என் கையால அடுக்கினேன். படத்துல இருக்கறது அதுதான். கடல்ல அப்படி யாராலயும் போட முடியாது. அதை நம்பித்தான் கல்லையும் சின்னதாக்கினோம்.”

தலைமைப் பொறியாளர் முகம் இறுகியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கிரேன்காரர் நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்; திட்டினால் பாரம் குறையும் என்றுகூட நினைத்தாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து, சரிந்த கற்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா மேடம்?”

“நல்லாத்தாங்க இருந்துச்சு” என்றாள். அதைச் சொல்ல முடிந்ததே தவிர, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.