செவ்வாய்க்கிழமை வாசகம்

ஹியூபேட்டுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதிய கிளாக்கர். ஓய்வு பெற்றதும் எண்ண மூட்டை இல்லாமல் போய்விட்டது. மனுசன் தவக்காலத்தின் நாட்களை எண்ணத் தொடங்கினார்.

கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்த குறுகிய ஒழுங்கையிலுள்ள கத்தோலிக்க வீடுகளுக்கு விபூதிப் புதனன்று சீட்டுக் குலுக்குவார்கள். உயிர்த்த ஞாயிறுவரை எந்த நாள் எந்த வீடு என்று முடிவாகும். மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் கூடி, திருச்சபை அன்றைக்குக் குறித்த நற்செய்தியை வாசித்துச் சிந்திப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் நாளைக்குச் செய்யப்போகும் ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் முதல் கேள்வியே அதைச் செய்தாயிற்றா என்பதுதான். தினமும் வாசிப்பவர் ஹியூபேட்; வாசிப்பவர் முதலில் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவரும் அவர்தான். அந்தச் சட்டத்துக்காக அவர் வருந்தியது தொண்ணூற்றேழாம் ஆண்டில் மட்டுமே.

அந்த வருடம் பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை அதே ஒழுங்கையில் இருக்கும் அசுந்தாவின் வீட்டுக்கு விழுந்தது. அன்றைய வாசகம் ஹியூபேட்டுக்கு மனப்பாடம். உமக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வீரம் பேசிய பேதுருவிடம், சேவல் கூவுமுன் என்னைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லுவாய் என்கிறார் ஆண்டவர். ஹியூபேட் ஒரு தரம்தான் சொல்லியிருந்தார். அதுவே போதுமாயிருந்தது.

நடந்தது முந்தின நவம்பரில். காலைப் பூசை முடிந்து பேக்கரிப் பாணும் கையுமாக அவர் திரும்பி வந்தபோது ஒழுங்கையை ஆமி சுற்றி வளைத்திருந்தது. பெடியன்களைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அசுந்தாவின் மகன் ஜெறாட்டின் அடையாள அட்டையில் மன்னார் முகவரி; போர்க்காலத்தில் வடக்கு முகவரி என்றாலே சந்தேகம். இவனைத் தெரியுமா என்று அதிகாரி ஹியூபேட்டிடம் கேட்டான். ஜெறாட் அவரைப் பார்த்தான், கூப்பிடவில்லை.

“அந்துரன்னே நே, மஹத்தயா.”

தெரியாது ஐயா என்று நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் நடந்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அதே பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தியவர் அவர்தான். குரு கேட்ட கேள்விகளுக்கெல்லாம், வாய் பேசாத பிள்ளைக்காக ஞானத்தகப்பனாய் நின்று பதில் சொன்னவர். வீட்டுக்குப் போய்ப் பாணை மேசையில் வைத்தபோது அது இன்னும் சுட்டது.

ஜெறாட்டைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். இந்தப் பகுதியில் பதிவுள்ள ஒருவர், சிறு வயதிலிருந்தே இவனைத் தெரியும் என்று பொலிஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வழி பிறக்கலாம் என்றார் சட்டத்தரணி. அசுந்தா ஏறாத படி இல்லை. ஹியூபேட்டிடமும் வந்தாள். பிரஷர் கூடியிருக்கிறது, நத்தார் பெருநாள் கழியட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் கலியாணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள்; கையெழுத்துப் போட்டவனைத் தேடி நாளை ஜீப் வராதென்று யார் சொல்ல முடியும்? அவருடைய பயம் பொய்யில்லை. பொய் அவர் சொன்னதுதான்.

குருத்து ஞாயிறன்று அவர் அசுந்தாவிடம் போய், தன் வீட்டுக்கு விழுந்த திங்களையும் அவளுடைய செவ்வாயையும் மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார். திங்கட்கிழமைகளில் மகனைப் பார்க்கப் போய்வர இருட்டிவிடும், செவ்வாயே இருக்கட்டும் என்றாள். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். நாற்பது நாளும் இறைச்சி தொடாமல் சுத்தபோசனம் காத்த மனுசனுக்கு வந்த யோசனையைப் பாருங்கள்.

ஆனாலும் போனார். அசுந்தாவின் முன்னறையில் ஏழெட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். வாசித்தார். சேவல் வரைக்கும் குரல் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு உடைந்தது. சிந்தனை சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அண்டைக்கு ஒழுங்கை முகப்பில, ஜெறாட்டைத் தெரியாதெண்டு சொன்னது நான்தான். அசுந்தா, என்னை மன்னிக்க வேணும்.”

அசுந்தா எழுந்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை நேராக்கினாள்.

“எனக்குத் தெரியும் அண்ணை. முதல் தரம் பாக்கப் போகேக்கையே அவன் சொன்னவன். நீங்கள் எப்ப வாய் திறப்பீங்களெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். மன்னிப்பைப் பிறகு பாப்பம். இப்ப உங்கட தீர்மானத்தைச் சொல்லுங்கோ.”

நாளைக்குப் பொலிஸுக்குப் போவேன் என்றார் ஹியூபேட். மற்றவர்களுடைய தீர்மானங்கள் அன்று யார் காதிலும் விழவில்லை.

புதன்கிழமை காலை பொலிஸில் மூன்று மணித்தியாலம் வாங்குப் பலகையில் காத்திருந்தார். கடைசியில் ஜெறாட்டின் படத்தை மேசையில் வைத்து, பொலிஸ் அதிகாரியும் அதே கேள்வியைக் கேட்டான்.

“அந்துரனவா, மஹத்தயா.”

தெரியும். எவ்வளவு காலமாக? அவன் பேசப் பழகுமுன்பிருந்தே. அப்படியானால் இவனைப் பிடித்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? பயத்தில், என்றார் ஹியூபேட். அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினான். பிறகு வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டான். மகள்மார் இருவரின் பெயர்களையும் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

அன்று மாலை அடுத்த வீடு. அசுந்தா சுவரோரம் இருந்தாள். செய்தாயிற்றா என்று கேட்குமுன் ஹியூபேட் தானாகவே செய்தேன் என்றார். ஜெறாட் எப்போது வருவான், வருவானா என்பதெல்லாம் தெரியாது. புதனுடைய வாசகம் யூதாசைப் பற்றியது. அதைத் தடக்காமல் வாசித்து முடித்தார்.

தீர்மானத்தை அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். உயிர்ப்புப் பெருநாள் கழிந்த திங்களன்று அசுந்தாவோடு போய் ஜெறாட்டின் முகத்தைப் பார்ப்பேன் என்றார். நாளைக்குச் செய்வதைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். ஒருவரும் அதை நினைவூட்டவில்லை.

“பஸ் விடிய அஞ்சு மணிக்கு,” என்றாள் அசுந்தா. “எனக்குச் சொன்னதை அவனிட்டையும் நீங்களே சொல்லுங்கோ.”