அரைப் பிறந்தநாளும் இறால் வாடையும்

யுத்தம் முடிந்து எல்லார் கையிலும் போன் வந்த காலம். அதில் என்னத்தையோ பார்த்துவிட்டு, என் கூடப்பிறந்த மூத்த ராத்தா தன் ஆறு மாத மகளுக்கு அரைப் பிறந்தநாள் வைக்க வேண்டுமென்று நின்றாள். பிள்ளை பிறந்தது ஆகஸ்ட் முப்பத்தொன்று. பெப்ரவரியில் ஏது முப்பத்தொன்று? அவள் புருஷன், என் மச்சான், இருபத்தெட்டு என்றார், ராத்தா மார்ச் ஒன்று என்றாள். பிறை கண்டவர்களும் காணாதவர்களும் வேறு வேறு நாளில் பெருநாள் எடுக்கிற ஊர்தானே, இவர்களும் இரண்டு நாள் எடுத்தார்கள். முதல்நாள் பாதிக் கேக். மிச்சத்தைத் திறந்தபடியே இறால் பைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் அதை ஒவ்வொரு வாயிலும் திணித்தார்கள். ஐசிங் முழுக்க இறால் வாடை.

"நல்லாயிருக்கா?" மச்சான் கேட்டார்.

பிள்ளை துப்பிவிட்டது. நான் "ஓம்" என்று விழுங்கினேன்.