கான்டனீஸ், இந்தோனேசியா: ரெண்டுல எது சார் ஈஸி?

பாஷை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனிடம் யாரும் அந்தப் பாஷையைப் பற்றிக் கேட்பதில்லை. எப்போது முடியும் என்றுதான் கேட்பார்கள். டைப்ரைட்டிங், இந்தி, கணக்கு டியூஷன் என்று எதையாவது சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிய சக பாவிகளுக்கு இது புரியும்.

ஹாங்காங்கில் ஒரு துணிக்கடையிலும், பிறகு இந்தோனேசியாவில் ஒரு நூல் மில்லிலும் சில வருஷம் இருந்துவிட்டு, இரண்டு ஊரிலும் ஒட்டாமல் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தவன் நான். கையில் மிச்சமிருந்தது இரண்டு பாஷைகள். தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் போர்டு மாட்டினேன். காலையில் முதல் வகுப்பு, நைட் ஷிப்ட் முடித்து வரும் மில்காரர்களுக்கு இந்தோனேசியா பாஷை. அடுத்தது, ஹாங்காங் பார்ட்டிகளோடு பேசவேண்டிய தோல் வியாபாரிகளுக்குக் கான்டனீஸ்.

யாரிடம் யார் கற்பது?

முதலில் வந்து சேர்ந்தவன் வடமதுரை ஆரோக்கியம். மில்லில் ஃபிட்டர், நல்ல பையன். கன்னிவாடி செபஸ்தியானின் மகள் ஸ்டெல்லாவை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் செபஸ்தியான் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்: மாப்பிள்ளை இந்தோனேசியா மில்லில் வேலை வாங்கினால்தான் தாலி. ஆக, அவன் படிக்க வந்தது பாஷை இல்லை, கல்யாணம்.

அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று தெரிந்த வார்த்தைகளில் ஆரம்பித்தேன். கப்பலுக்கு அங்கே 'கபால்'. பெட்டிக்கு 'பெத்தி'. கடைக்கு 'கெடாய்'. நம் ஊர்ச் சுருட்டுக்குக்கூட 'செருத்து'தான். எழுத்தும் ஏ பி சி டி. கான்டனீஸ் மாதிரி படம் வரைய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆரோக்கியம் சொன்னான்: "அப்ப அவங்கல்ல சார் நம்மகிட்ட டியூசனுக்கு வரணும்?"

ஏற்றமும் இறக்கமும்

கான்டனீஸில் இலக்கணத் தொல்லை குறைவு. தொல்லையெல்லாம் தொண்டையில். ஒரே சத்தத்தை ஏற்றி, இறக்கி, இழுத்துச் சொன்னால் வேறு வேறு அர்த்தம். தோல் வியாபாரி ஜமால் பாய்க்கு முக்கியமான வார்த்தையாகப் பார்த்து எடுத்தேன். 'மாய்' என்று கடைசியில் குரலை ஏற்றினால் வாங்குவது. ஏற்றாமல் தட்டையாக விட்டால் விற்பது.

பாய் விற்கும் போதெல்லாம் வாங்கிக்கொண்டே இருந்தார். எத்தனை தடவை திருத்தினாலும் தலைகீழ்தான். கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் என்ன சார் செய்ய? எங்க தொழில்ல வாங்கறப்ப கொரல எறக்கணும், விக்கறப்பதான் ஏத்தணும். ஹாங்காங்காரன் தொழில் தெரியாம பாஷைய பண்ணிருக்கான்!"

எங்கே போறீங்க?

செபஸ்தியான் பூ விவசாயி. காலையில் மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு, நேரே வந்து என் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். மாப்பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறானா என்று பார்க்கவாம். படிக்கிறவன் ஒருவன், பரீட்சைப் பயம் எனக்கு.

அன்றைக்கு வணக்கம் சொல்லும் பாடம். கான்டனீஸ்காரர் நம்மைப் போலவே 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பார். இந்தோனேசியாக்காரர் தெருவில் பார்த்தால் 'எங்கே போறீங்க?' என்பார். அது அங்கே மரியாதை, பதில்கூட எதிர்பார்க்கமாட்டார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் படியில் இருந்த மனிதர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே வந்துவிட்டார். "ஏன் சார், வெளிய கெளம்புற மனுசன எங்க போறேன்னு கேக்குற ஊருக்கா எம்மகள அனுப்பச் சொல்றீக? போற காரியம் வெளங்குமா?"

மாதா மாதா

இந்தோனேசியா பாஷையில் ஒன்றைப் பலவாக்க இரண்டு தடவை சொன்னால் போதும். 'அனாக்' என்றால் பிள்ளை, 'அனாக் அனாக்' பிள்ளைகள். ஆரோக்கியத்துக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணுக்கு 'மாத்தா', அது அவன் வாயில் 'மாதா'தான். ஸ்டெல்லாவின் கண்கள் அழகு என்று சொல்ல ஆசைப்பட்டு, "மாதா மாதா" என்று உரக்க உருப்போட்டான். இரட்டித்தால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கண்கள் இல்லை, ஒற்றன். அவன் வர்ணித்தது படியில் உட்கார்ந்திருந்தவரை.

அதை எப்படிச் சொல்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, செபஸ்தியான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பக்தியான புள்ளதான் சார். என்ன, ஜெபத்த இம்புட்டுச் சத்தமா சொல்ல வேணாம்."

யார் அந்தச் சுதா?

இந்தோனேசியா மில்லிலிருந்து ஓர் அதிகாரி வந்து லாட்ஜில் இன்டர்வியூ வைத்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில். வாசலில், வேறு யார், செபஸ்தியான். மெஷின் கேள்விகளுக்கெல்லாம் ஆரோக்கியம் ஜோராகப் பதில் சொன்னான். கடைசியாக அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "சுதா காவின்?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று அர்த்தம். 'சுதா' என்றால் 'ஆயிருச்சு'. ஆகவில்லை என்றால் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை' என்று சொல்லவேண்டும். இந்த இடத்தில் மட்டும் கான்டனீஸும் இந்தோனேசியமும் ஒரே கட்சி.

ஆரோக்கியம் வாசலைப் பார்த்தான், வேர்த்தான், வாயே திறக்கவில்லை. நான்தான் 'பெலும்' என்று சொல்லிச் சமாளித்தேன். வெளியே வந்ததும் செபஸ்தியான் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். அர்த்தத்தை நான் எத்தனை தடவை விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை. "நீங்க வாத்தியாரு, பையன விட்டுக்குடுக்க மாட்டீக. அந்தாளு பேரச் சொல்லிக் கேக்குறான், இவன் முழிக்கிறான். யாரு சார் அந்தச் சுதா?"

ஆயிருச்சு

அத்தோடு கல்யாணப் பேச்சு நின்றுபோனது. வேலைக்கும் பதில் வரவில்லை; போன் போட்டுக் கேட்டால் அந்தப் பக்கம் 'பெலும்'தான். பையன் இளைத்துப்போனான். எனக்கு மனசே சரியில்லை. ஒரு வார்த்தையை ஒரு தகப்பனுக்குப் புரியவைக்கத் தெரியாத நான் என்ன வாத்தியார்?

ஒரு நாள் மத்தியானம் ஸ்டெல்லாவே படியேறி வந்தாள். அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்னாலேயே புதுச்சட்டையில் ஆரோக்கியம். இரண்டு பேரும் பதிவு ஆபீஸிலிருந்து நேரே வருகிறார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பேசியதெல்லாம் அவள்தான்.

"சார், சுதான்னா ஆயிருச்சுன்னுதான அர்த்தம்? சத்தியமா?"

"சத்தியமா அதான்மா."

"அப்ப நாளைக்கு எங்கப்பா வந்தா நீங்களே சொல்லிருங்க சார், எங்களுக்குக் கல்யாணம் சுதான்னு."

மொழிபெயர்ப்பவனுக்கு அடி விழுவது வார்த்தை தப்பாகும்போது இல்லை, மிகச் சரியாக இருக்கும்போதுதான் என்பதை மறுநாள் காலையில் என் சொந்த மாடிப்படியிலேயே தெரிந்துகொண்டேன்.