பைலாவில் போன என் சோகப் பாட்டு

என் பாட்டுக்கு ஒரு கல்யாண மண்டபமே எழுந்து ஆடியபோது, நான் மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. பாடியவர் என் சித்தப்பா. பகலில் கண்டி நகரத்துப் பலசரக்குக் கடையொன்றில் கணக்கெழுதுவார். பொழுது சாய்ந்தால் பளபளக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் சிறிய இசைக்குழுவோடு கல்யாண வீடுகளுக்குப் பாடப் போவார். நான் எழுதி மெட்டமைத்த பாட்டொன்றை அன்றுதான் முதன்முதலாக மேடையேற்றினார். அது சோகப் பாட்டு. அவரும் மெதுவாகத்தான் தொடங்கினார். ஆனால் அதுவே அன்றைய கடைசிப் பாட்டு. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் கடைசிப் பாட்டு பைலா என்னும் துள்ளாட்டத் தாளத்தில் முடியாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ்காரர் பழக்கதோஷத்தில் பைலா தாளத்துக்கு மாறினார். சித்தப்பா கொஞ்சமும் தயங்காமல் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

பதினைந்து வயது தொடங்கி நான் எழுதிக் குவித்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று என்னாலேயே காதுகொடுத்துக் கேட்க முடியாது. நான் மலைநகரான கண்டியின் மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். கடலைப் பார்த்ததே பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போனபோதுதான். ஆனால் என் காதலர்கள் அத்தனை பேரும் கடற்கரையில்தான் காத்திருந்தார்கள். அலை, படகு, ஈர மணல், எல்லாம் தாராளமாக வரும். எங்கள் தகரக் கூரைமேல் குரங்கு ஓடும் சத்தம் ஒரு பாட்டிலும் வராது. வாய் திறந்தால் ‘வாங்க’, ‘போறோம்’ என்று பேசியவள், பாட்டில் மட்டும் ‘வாராயோ’ என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டால் மஹய்யாவையில் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். வானொலியில் கேட்ட பாட்டெல்லாம் அப்படி இருந்தன, நானும் அப்படி எழுதினேன். இதையெல்லாம் வெளியில் சொல்ல வெட்கமாக இல்லையா என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கென்ன வெட்கம்? படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்று ஊரே கேட்டபோது எழுதியவை அவை. மோசமாக எழுதினேன், ஆனால் நிறுத்தாமல் எழுதினேன்.

அந்தக் கல்யாணப் பாட்டு மட்டும் வேறு. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே குழாய். தண்ணீர் வராத நாட்களில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்துக் கிடப்பார்கள். எதிரே ஹந்தானை மலைமேல் மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ‘ஹந்தானையில மழை கொட்டுது, எங்க குழாயில காத்து வருது’ என்று ஒரு நாள் கோபத்தில் எழுதினேன். கோபத்தில் வந்த வரிக்கு வீட்டுக்குப் போய் அழுகை மெட்டுப் போட்டேன். கேட்கிறவர்கள் ‘பாவம், இந்த சனங்கள்’ என்று சொல்லவேண்டும் என்பதுதான் என் ஆசை. கடற்கரைக் காதலர்களையாவது மன்னித்துவிடலாம். இந்த ஆசையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கி வந்த சித்தப்பா என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்னா புள்ள, எல்லாரும் ஆடுறாங்க, நீ அழுவுற?”

“அது அழுவுற பாட்டு சித்தப்பா. நீங்க கெடுத்துட்டீங்க.”

“குழாயடியில நிக்கிறவங்களே ஆடுறாங்க. அவங்களுக்கு இல்லாத அழுவ ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

பல நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது மண்டையில் ஏற எனக்கு வெகுகாலம் பிடித்தது.

சித்தப்பா இப்போது இல்லை. அந்தப் பாட்டு எங்கும் பதிவாகவும் இல்லை. போன மாதம் ஆவணப்படம் எடுக்கும் இளைஞர் ஒருவர், யாரோ சொல்லக் கேட்டு, கொழும்பிலிருந்து அதைத் தேடிக்கொண்டு மஹய்யாவைக்கு வந்தார். வெளிநாடுகளிலும் காட்டப்போகும் படமாம். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். அதில் எப்படிப் போகிறதோ அப்படியேதான் அந்தப் பாட்டு இனி உலகத்தில் இருக்கும். காரை பெயர்ந்த சுவரொன்றைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். நான் கதிரைக் கையில் தாளம் தட்டிப் பாடத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அக்கா, தாளம் வேணாம். மெதுவா பாடுங்க, பின்னால வயலின் போட்டுக்கலாம். உங்க ஆக்கள்ட கஷ்டம் தெரியணும்.”

பதினேழு வயதில் நான் வேண்டுமென்று அழுத அதே சோக மெட்டைத்தான் அவர் கேட்டார்.

“தம்பி, தண்ணி வராத நாள்லயும் நாங்க கல்யாணம் கட்டியிருக்கோம், ஆடியிருக்கோம். எங்க கஷ்டத்த நாங்க இப்படித்தான் பாடுவோம்.”

“இது சந்தோஷமா இருக்கேக்கா. படத்துக்கு ஒத்துவராது.”

“ஒத்துவராட்டி விட்டுருங்க. எங்க ஆளுகள பாவமாக் காட்ட என் கொரலு கெடையாது.”

அவர் கமராவை மூடினார். பைலாவில் கடைசி அடியை மூன்று தரம் பாடி முடிப்பது வழக்கம். அவர் வயர்களைச் சுருட்டி முடிப்பதற்குள், கதிரையை ஓங்கித் தட்டி, மூன்று தரமும் பாடினேன்.