தண்ணீர் ஏறாத மேடு

நிலத்துக்கு உறுதிப்பத்திரம் எழுதிய அன்று நொத்தாரிசின் அறையில் இருந்தவர்கள் அப்பா, நான், நிலத்தை விற்கும் புடவைக்கடை முதலாளி, சாட்சிக் கையெழுத்துக்கு அவர் கூட்டிவந்த கடை ஆட்கள் இருவர். அம்மா வரவில்லை. ஒரு வாரம் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. றப்பர் மலையில் பால் வெட்டு இருந்தது, விட்டால் சம்பளம் போய்விடும். அக்காவும் வரவில்லை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். மேசையில் வைத்த பணம் அவளுடையது.

அந்த நிலத்தின் கதை ஒரு கடிதத்தில் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது, ஆனால் நாங்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வரவில்லை. லயக் கடிதங்களைத் தபால்காரர் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விடுவார். என் கைக்கு அது கிடைத்தபோது நேர்முகம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

"பெரட்டுல குடுக்கலாம்னு எடுத்து வச்சேன் தம்பி, மறந்துருச்சு" என்றார் ஆபீஸ் கிளாக்கர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்தான் பெரட்டு. அப்பா தினமும் அங்கே போய் நிற்கிறவர்.

அன்று வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "ரோட்டோரமா ஒரு வீடு வேணும். நம்பர் போட்ட வீடு. தபால்காரன் மணியடிச்சு நம்ம கையில குடுக்கணும்."

தோட்டத்து எல்லையை ஒட்டி, குருவிட்ட கடைத்தெருவுக்கு மேலே, ஒரு சிங்கள மாத்தயாவுக்கு ஒரு ஏக்கர் கிழட்டு றப்பர் இருந்தது. ஏற்றம் என்பதால் யாரும் அதைக் கேட்டதில்லை. அப்பா ரோட்டோரமாகப் பத்து பேர்ச் கேட்டார்; ஒரு ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச். பேர்ச் எட்டாயிரம் என்று வாய்ப்பேச்சில் முடிந்தது. அம்மா சீட்டு எடுத்து இருபத்தைந்தாயிரம் முற்பணம் கொடுத்தோம். நான்கு மூலையிலும் அப்பா நட்ட வேலிமரமான கிளிசிரியாக் கம்புகள் மூன்றே வாரத்தில் துளிர்த்துவிட்டன.

பிறகு வெள்ளம் வந்தது. ஒரே இரவில் ஆறு கடைத்தெருவுக்குள் ஏறி, விடிந்தபோது கடைகளின் பெயர்ப்பலகைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. ஆட்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். புடவைக்கடை முதலாளியும் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் லயத்தில் எங்கள் அறையான காம்பறாவுக்கு வந்தார்கள். அவர் கடையில் நாங்கள் தீபாவளிக்குத் தவணைக்கு எடுப்பது வழக்கம். அப்போதெல்லாம் அப்பாவை "என்னப்பா" என்பார். அன்று "அண்ணே" என்றார். அது வேஷமில்லை, பிறகு ஒருநாளும் அவர் அதை மாற்றவில்லை.

ஆறு நாள் இருந்தார்கள். அக்கா தன் கட்டிலை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் படுத்தாள். எங்கள் தகரம் ஒழுகும். முதலாளி மனைவியின் தலைமாட்டில் சட்டி வைத்த அம்மா, "ஆத்துக்குத் தப்பிச்சு வந்து எங்க கூரைகிட்ட மாட்டிக்கிட்டீங்களே, அம்மா" என்றதும், மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள் முதன்முதலாகச் சிரித்தார்.

நான்காம் நாள் காலை அப்பா முதலாளியை வெளியே கூட்டிப்போனார். வேறு எதைக் காட்டுவார்? அந்தப் பத்து பேர்ச்சைத்தான் காட்டினார். நானும் போனேன். கீழே ஊர் இருந்த இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர்.

"இந்த மேட்டுக்கு எந்தக் காலத்துலயும் தண்ணி வந்ததில்லைங்க, மொதலாளி" என்றார் அப்பா. அப்படி நிமிர்ந்து நின்று அவர் பேசி நான் பார்த்ததில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பேர்ச் என்ன வெல சொல்றான்?"

கேள்வி கேட்டால் சரியான விடை சொல்ல வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கியிருந்தது. கடைத்தெருவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இவர் கேட்கிறார். எட்டாயிரம் என்றேன். மொத்தம் ஒரு ஏக்கர் என்றேன். ரோடு அகலப்படுத்த அளந்துபோயிருக்கிறார்கள் என்பதையும் கேட்காமலே சொன்னேன். பிழையில்லாமல் சொன்னதாக மகிழ்ந்தும் போனேன்.

மூன்று மாதத்தில் மாத்தயா எங்கள் லயத்துக்கே வந்து முற்பணம் இருபத்தைந்தாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தார். முழு ஏக்கரையும் முதலாளி கேட்கிறாராம், பேர்ச் பதினெட்டாயிரமாம். "மட்ட தொஸ் கியன்ன எபா" என்றார், என்மேல் குறை சொல்லாதே என்று. எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. அப்பா எண்ணி வாங்கிக்கொண்டார்.

வெள்ளத்துக்குப் பிறகு டவுன் ஆட்கள் எல்லோருக்கும் மேடு வேண்டியிருந்தது. மாணிக்க வியாபாரிகள் வந்தார்கள், லோயர் வந்தார், வான்களில் வந்து நின்று பார்த்தார்கள். பேர்ச் முப்பதாயிரமானது. பக்கத்துக் காம்பறா மாமா, "ஆறு நாளு சோறு போட்டியே மச்சான், வெலையையும் சேத்துல்ல பொங்கி வச்சிருக்க" என்று கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை.

முதலாளியே ஒருநாள் ஆள் அனுப்பி அப்பாவைக் கடைக்குக் கூப்பிட்டார். "அண்ணே, ஒங்க வீட்டுல சாப்பிட்டதை நான் மறக்கல. பின்பக்கம் பத்து பேர்ச் தாறேன். மத்தவங்களுக்கு முப்பது. ஒங்களுக்கு இருபத்தஞ்சு. ரெண்டு வருஷம் கழிச்சுக் குடுத்தாலும் இதே வெலைதான்."

அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டே வீட்டுக்கு வந்தார். அன்றிரவு அக்காதான் சொன்னாள்.

"மொறச்சுக்கிட்டு இருந்தா நெலம் வருமாப்பா? ரெண்டு வருஷம். நான் போய்ட்டு வாறேன்."

"பொம்பளப் புள்ளைய அனுப்பி நெலம் வாங்குறதா?"

"தம்பிக்கு இன்னொரு லெட்டர் வரும்ல. அதையும் ஆபீஸ்ல வச்சு மறக்கட்டுமா?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். எட்டாயிரம் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன வாய் அன்று திறக்கவில்லை.

முற்பணம் திரும்பியதோடு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்ததும் சேர்ந்து ஏஜென்சிக்குப் போனது. இரண்டு வருஷம் என்று போனவள் மூன்றாவது வருஷத்துக்கும் கையெழுத்து வைத்தாள். அப்போதுதான் நிலத்துக்குப் பணம் நிறைந்தது.

நொத்தாரிசு சிங்களத்தில் வாசித்து முடித்ததும் முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில நாப்பது போகுது அண்ணே. ஒங்களுக்காகத்தான்." அது உண்மை. அப்பா, "நல்லா இருங்க மொதலாளி" என்றார்.

ரோட்டைப் பார்த்த இடத்தில், அப்பாவின் கிளிசிரியாக் கம்புகள் நின்ற இடத்தில், முதலாளியின் மாடிவீடு நிற்கிறது. எங்கள் பத்து பேர்ச்சுக்கு அதன் மதில் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. தபால்காரர் அவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை. எங்கள் கடிதங்களையும் முதலாளி வீட்டு கேட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த வீட்டு அம்மாள் நல்லவர்; நினைவு வரும்போது மதிலுக்கு மேலால் கூப்பிடுவார். நான்காவது வருஷமும் இருக்கப் போவதாக, வீட்டுக்குக் கல் வாங்க வேண்டுமே என்று அக்கா எழுதிய கடிதம் அங்கே ஒன்பது நாள் கிடந்தது.

நிலத்துக்கு இரண்டரை லட்சம். நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும் பதிமூவாயிரம். அக்காவை அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டியது முப்பத்தையாயிரம். எல்லாமாக இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் ரூபாய்.