சமையல்காரர் காளிமுத்து

கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, செலாயாங் சந்தையில் வேலை செய்யும் காளிமுத்துவின் ஊர்க்காரர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, காளி போயிட்டாரு. குண்டு விழுந்துச்சாம். உடம்பு கூட வராதாம்." கல்லா முன்னால் நின்றவரிடம், "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கடைக்கு வந்து சாப்பிட்டவர்களுக்குக் காளிமுத்துவின் முகம் தெரிந்திருக்காது, ரசம் தெரிந்திருக்கும். இராமநாதபுரத்திலிருந்து வந்து ஆறு வருடம் எங்கள் அடுப்படியில் நின்றவர். கடை நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் சாப்பிடுவார். "அது சாப்பிட வர்றவுக இடம்ணே" என்பார்.

ஒருநாள் பார்த்துக்கொள்ளச் சொன்ன ரசத்தை நான் கொதிக்க விட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி புளி கரைத்தார். "நுரை கட்டுனதும் இறக்கிடணும்ணே. கொதிச்சா ருசி செத்துப்போகும்." முதலாளி கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் போனபோது ஓர் ஏஜென்ட் வந்து சேர்ந்தான். பனி கொட்டும் நாட்டில், இராணுவ முகாமில் சமையல் வேலை என்றான். காளி ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார். நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்தவன் என்று எல்லாருடைய காகிதமும் என்னிடம்தான் வரும். முதல் பக்கம் இங்கிலீஷ். சமையல் உதவியாளர் என்று படித்துச் சொன்னேன். மற்ற பக்கங்களில் நான் பார்த்தே இராத எழுத்து. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புரட்டிவிட்டு, "எல்லாம் அதேதான் காளி, சைன் பண்ணுலா" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது. "அண்ணே, துப்பாக்கியக் குடுத்துட்டாக. சமையல்னுதானே படிச்சீக? மத்த பக்கத்துலயும் அதானே இருந்துச்சு?" அவர் குறை சொல்லவில்லை. அங்கே யாரோ தவறு செய்துவிட்டார்கள், அண்ணன் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பிக் கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று பதிலைத் தள்ளிப் போட்டேன். அதற்குள் செய்தி வந்துவிட்டது.

அஞ்சலிப் பேனர் அடிக்கும்போது, "யூனிஃபோர்ம் படம் போட்டு 'போர்வீரன்'னு எழுதுவோம்ணே, மரியாதையா இருக்கும்லா" என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். ஊரிலிருக்கும் அவர் மனைவியைப் போனில் கேட்டேன்.

"அவுக சோறாக்கத்தான் போனாக. வீரன்னு எழுதாதீக. காயிதத்தப் படிச்சுச் சொன்னதே நீங்கதானாமே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றேன்.

கடை வாசலில் இப்போது 'சமையல்காரர் காளிமுத்து' என்றுதான் தொங்குகிறது. ரசம் இறக்கும் பக்குவம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது வாட்ஸப்பில் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான். இந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னாலும் இன்று அதற்குப் பதில் சொல்கிறேன்.

மற்ற பக்கங்களை நான் படிக்கவில்லை, காளி. அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.